'பேஜர்' நாவலுக்கு நடந்த விமர்சனக் கூட்டம்

மூன்று மணிக்கு என்று அறிவித்த கூட்டம் நாலரைக்குத்தான் தொடங்கியது. இதை ஒரு குறையாகச் சொல்ல வரவில்லை. கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் சனம் மூன்று மணிக் கூட்டத்துக்கு மூன்று மணிக்கே வந்து உட்கார்ந்தால்தான் என்னமோ விபரீதம் நடக்கப்போகிறது என்று பயப்படவேண்டும். பெப்ரவரி மாதம். வெளியே பழைய பனி கறுத்துப்போய்க் கிடந்தது. தேவாலயம் ஒன்றின் நிலக்கீழ் மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வந்தவர்கள் ஜாக்கெற்றைக் கதிரையில் போட்டு இடம்பிடித்துவிட்டு, முதல் வேலையாகப் பின்மேசைக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தார்கள்.

அந்த மேசையில் நின்றவள் மங்கையற்கரசி. எல்லாருக்கும் மங்கை அக்கா. 'வடதிசை' என்ற இலவச வாரப் பத்திரிகைக்கு அவள்தான் கொம்பியூட்டரில் ரைப் அடிக்கிறவள். இப்படிக் கூட்டம் என்று வந்தால் வடை சுட்டுக்கொண்டு வருகிறவளும் அவள்தான். இரண்டையும் ஒருத்தியே செய்கிறாளே என்று பத்திரிகை நடத்துகிற ஆண்களுக்கு ஒருநாளும் சங்கடம் வந்ததில்லை. சம்பளம் ஒன்றுக்குத்தான், அது வேறு கதை.

கூட்டம் 'பேஜர்' என்ற தொடர்கதையைப் பற்றியது. சும்மா சொல்லக்கூடாது, அந்தக் கதை போன வருடம் சனத்தைப் பிடித்து ஆட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை பின்னேரம் தமிழ்க் கடை வாசலில் பத்திரிகைக் கட்டு விழுந்ததும் மரக்கறி வாங்க வந்தவர்கள் மரக்கறியை மறந்துவிட்டுப் பின்பக்கத்தைத்தான் முதலில் திருப்பினார்கள். சுகி என்ற பள்ளிக்கூடப் பெட்டை. ரிஷி என்ற பொடியன். அவன் அவளுக்கு ஆசையாகப் பேஜர் வாங்கிக் கொடுக்கிறான். அது அடித்தால் உடனே போனில் அவனைக் கூப்பிடவேண்டும். கூப்பிடப் பிந்தினால் ஏன் பிந்தியது என்று கேள்வி, பிறகு மிரட்டல், பிறகு கார். இந்தப் பெட்டை தப்புவாளா மாட்டாளா என்று வாரக்கணக்காகச் சனம் நகத்தைக் கடித்தது. கடைசி அத்தியாயத்தில் சிக்னலில் கார் நின்ற நேரம் சுகி கதவைத் திறந்து இறங்கி ஓடுகிறாள். டோனற் கோப்பிக் கடை ஒன்றுக்குள் புகுந்து தாய்க்குப் போன் எடுக்கிறாள். தாய் வீட்டுச் செருப்போடு பனிக்குள் ஓடிவந்து, தன் கோட்டைக் கழற்றி மகளுக்குப் போட்டு, பஸ் தரிப்பில் நிற்கிற தமிழ்ச் சனம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க அவளைக் கையில் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போகிறாள். முற்றும்.

எழுதியவர் பெயர் யாத்திரன். ஆளை யாரும் கண்டதில்லை. விட்பிப் பக்கம் இருக்கிறார், இரவு வேலை, வரமுடியாது என்று பத்திரிகை ஆசிரியர் நீக்கிலாஸ் மேடையில் சொன்னார். அதுவும் மங்கை அவரிடம் சொன்னதுதான். பக்கம் நிரம்பினால் போதும் என்று இருக்கிற மனிதர் நீக்கிலாஸ். அதற்கு மேல் துருவிக் கேட்கிற பழக்கம் இல்லை. யாத்திரன் வேறெங்கும் இல்லை, பின்மேசையில் வடைத் தட்டோடு நின்றாள்.

புருசனுக்குக்கூட அவள் சொல்லவில்லை. இராஜரட்ணம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டடத்தில் செக்யூரிட்டி வேலை செய்கிறவர், பேச்சுக் குறைந்த மனிதர். கதை வந்த காலம் முழுக்க, வெள்ளி இரவு வீட்டு மேசையில் பத்திரிகை அந்தப் பக்கம் மேலே தெரிய மடித்துக் கிடக்கும். வாசித்தார் என்று தெரியும். என்ன நினைத்தார் என்று தெரியாது. அந்த வீட்டில் மூத்த மகள் கஜனியைப் பற்றிப் பேசி இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது.

அப்போது கஜனிக்குப் பதினேழு வயது. அவளுடைய பள்ளிக்கூடத்தில் படித்து முடித்த பிரதீபன் என்ற பொடியனோடு பழக்கம். ஒருநாள் குசினியில் தாயைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "விட்டிட்டுப் போனா ரெண்டு பேரையும் சேத்துக் காரோட சுவரில அடிப்பன் எண்டு சொல்லுறான் அம்மா" என்றாள். மங்கை என்ன சொன்னாள்? "சத்தம் போடாத. கொப்பாவுக்குத் தெரியவேண்டாம். மெல்ல மெல்ல விலகு." அவ்வளவுதான். மேலே தமிழர், கீழே தமிழர், பக்கத்துக் கதவும் தமிழர் என்று இருக்கிற அப்பார்ட்மென்டில் ஒரு தாய்க்கு முதலில் வருகிற பயம் எது என்று எங்கள் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கொஞ்ச நாள் கழித்து, மழையும் இல்லாத பனியும் இல்லாத ஒரு பின்னேரத்தில், பிரதீபனின் கார் ஒரு பாலத்தின் தூணில் மோதியது. அவன் கை முறிவோடு தப்பினான். கஜனி தப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பொலிஸ்காரி வந்து மெதுவாகத்தான் கேட்டாள். றோட்டில் பிரேக் பிடித்த அடையாளமே இல்லை, இரண்டு பேருக்கும் இடையில் ஏதாவது பிரச்சினை இருந்ததா, அவன் யார் என்று கேட்டாள். இராஜரட்ணம் நடைவழியைப் பார்த்தார். அங்கே ஏற்கெனவே சொந்தக்காரரும் தெரிந்தவர்களும் வந்து நிறைந்துவிட்டார்கள். அவன் குடும்ப நண்பர், ரியூஷன் முடிந்தால் பிள்ளையை வீட்டில் கொண்டுவந்து விடுகிறவர் என்று சொல்லிவிட்டார். பொலிஸ்காரி மங்கையின் முகத்தைப் பார்த்து இன்னொரு தரம் கேட்டாள். மங்கை தலையாட்டினாள். கஜனிக்குக் கீழே தங்கை அட்சயா இருந்தாள். ஒருத்திதான் போய்விட்டாள், மற்றவளின் வாழ்க்கையும் கெடவேண்டுமா என்று அன்றிரவு இராஜரட்ணம் கேட்டார். ஐயோ, செத்த பிள்ளையின் பெயரைக் காப்பாற்றப்போய் அவளைக் கொன்றவனையும் சேர்த்தே காப்பாற்றிவிட்டார்கள். கவனக்குறைவாக ஓட்டினான் என்று அவனுக்குத் தண்டமும் கொஞ்சக் காலம் லைசென்ஸ் தடையும் கிடைத்தன.

பொய்யைச் சொன்னால் போதுமா, அதைக் கட்டிக் காக்கவும் வேண்டுமே. குடும்ப நண்பரைச் சாவீட்டுக்கு வராதே என்று எந்த வாயால் சொல்வது? மாக்கட்டுக் கையோடு வந்து பெட்டியைப் பிடித்து அழுதான். சனம் அவனுக்கும் சேர்த்து அழுதது. பாவம், லிஃப்ட் கொடுக்கப்போய் இப்படி ஆகிவிட்டதே என்றார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கும் வந்தான். வரிசையில் உட்கார்ந்தான். மங்கைதான் அவனுக்குச் சோறு போட்டாள். இடக்கையால் சாப்பிடக் கஷ்டப்படுகிறான் என்று பக்கத்தில் இருந்தவர் குழைத்துக்கூடக் கொடுத்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு நெஞ்சு வெடிக்கவில்லை, அதுதான் அவளுக்கே அதிசயம்.

பிறகு ஒரு வாரம், 'வடதிசை'க்கு வழக்கமாகத் தொடர்கதை எழுதுகிறவர் கைவிட்டுவிட்டார். பின்பக்கம் வெறுமையாகக் கிடந்தது. "அக்கா, எதையாவது போட்டு நிரப்புங்கோ" என்று நீக்கிலாஸ் சொல்லிவிட்டு அச்சகத்துக்குப் போன் எடுக்கப் போனார். மங்கை கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தாள். கை தன்பாட்டில் அடித்தது. அப்படித் தொடங்கியதுதான் 'பேஜர்'. எழுத எழுத அவளுக்கு ஒரு விசயம் விளங்கியது. இந்த ஒரு இடத்தில் மட்டும் பிள்ளை இன்னும் சாகவில்லை. அடுத்த வாரமும் எழுதினால் அடுத்த வாரமும் சாகமாட்டாள்.

வாசித்த ஒருவருக்கும் கஜனி ஞாபகத்துக்கு வரவில்லை. வராதுதானே. அது அக்சிடென்ற் அல்லவா!

இப்போது மேடைக்கு வருவோம். முதலில் பேசியவர் தில்லையம்பலம் மாஸ்டர். நாலு மாலை விழுந்தால்தான் இறங்குகிற பேச்சாளர். கதை விறுவிறுப்பு, நடை தெளிவு, எல்லாம் மெச்சினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினால் குறை சொல்லப்போகிறார் என்று சனத்துக்குத் தெரியும்.

"ஆனால் ஒண்டு. இந்த ரிஷி எண்ட பாத்திரம் எங்கட சமூகத்தில இருக்கிற பாத்திரம் இல்லை. ஆசிரியர் இங்கிலீஷ் படங்களைப் பாத்துப்போட்டு வேட்டி கட்டி விட்டிருக்கிறார். எங்கட பொடியள் குழப்படிதான், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா ஒரு பெட்டையைக் கொல்லத் துணியிற பொடியனை எங்கட சனத்துக்குள்ள எங்கையாவது கண்டிருக்கிறியளோ?"

இல்லை என்று தலைகள் ஆடின. மங்கை வெறும் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள்.

அடுத்தது கிளடிஸ். வங்கியில் நல்ல வேலை, கூட்டங்களில் பெண்கள் பக்கத்தைப் பேசுகிறவள். அவளுக்குப் பிடிக்காமல் போனது கதையில் வருகிற தாய்.

"சுகி நடுவில ஒருக்கா தாயிட்ட எல்லாத்தையும் சொல்லுறாள். தாய் என்ன செய்யிறாள்? பேசாமல் இரு எண்டுறாள். எனக்குக் கோபம் வந்தது. எந்தத் தாய் சனத்துக்குப் பயந்து பிள்ளையைப் பலி குடுப்பாள்? ஒரு ஆம்பிளைதான் இப்பிடி எழுதுவான். ஒரு தாயின்ர மனம் யாத்திரனுக்குத் தெரியாது."

பெண்கள் பக்கம் கைதட்டல் எழும்பியது. கிளடிஸ் நல்லவள், மனதில் கெட்ட எண்ணம் இல்லாதவள். இருந்தும் அந்தக் கைதட்டல் ஓயும்வரை மங்கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

கடைசியாகப் பேசியவன் ஜனார்த்தன். யூனிவர்சிட்டியில் சினிமா படிக்கிற பொடியன். சின்ன வயதில் வந்தவன், பேசும்போது தமிழும் இங்கிலீஷும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வரும். ஆனால் கதையை எல்லாரையும் விட ஊன்றி வாசித்திருந்தான்.

"இது ஒரு சீரியஸான த்ரில்லர். ஒவ்வொரு சாப்டரும் அவளை ஒரு இடத்துக்குத்தான் கொண்டுபோகுது. அந்தக் கார், அவன் சொல்லுற சுவர், பேஜர், எல்லாம். ஆனா கடைசியில ஆசிரியர் பயந்திட்டார். சிக்னலில கார் நிக்குதாம், அவள் இறங்கி ஓடுறாளாம், அம்மா வாறாவாம். சொறி, இட்ஸ் எ சீற், ஏமாத்து. ரியல் லைஃபில அந்தக் கதவு திறபடாது. அந்த அம்மாவும் வரமாட்டா. சுகி செத்திருக்கவேணும்."

மண்டபம் படபடவென்று கைதட்டியது. சரியாகச் சொன்னான், சாவு இல்லாமல் என்ன த்ரில்லர் என்று பின்வரிசையில் ஒருவர் பக்கத்தவரிடம் சொன்னார். நீக்கிலாஸ் மைக்கை வாங்கினார். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. மார்க்கம் நகரில் வீடு விற்கிற ஒருவர் இந்தக் கதையைப் புத்தகமாகப் போடுவதற்கு முன்வந்திருந்தார். வருகிற மாதம் அச்சுக்குப் போகிறது.

"அப்ப இப்பிடிச் செய்வம். எழுத்தாளருக்கு நாங்கள் ஒரு தீர்ப்பு அனுப்புவம். புத்தகத்தில முடிவை மாத்தச் சொல்லுவம். மாத்தித் தந்தால் மங்கை அக்கா ரைப் அடிச்சுத் தருவா, என்னக்கா? சரி, சுகி சாகவேணும் எண்டு நினைக்கிறவை கையைத் தூக்குங்கோ! அக்கா, பின்னுக்கு நிண்டால் உங்களுக்கு வடிவாத் தெரியும், ஒருக்கா எண்ணுங்கோ!"

சிரிப்பும் கலகலப்புமாகக் கைகள் எழும்பின. என்ன பெரிய விசயம், ஒரு கதைதானே. வளையல் போட்ட கை, ஸ்வெற்றர் போட்ட கை, வடை எண்ணெய் காயாத கை. ஒரு தகப்பன் மடியில் தூங்கிய பிள்ளையை மாற்றிப் பிடித்துக்கொண்டு மற்றக் கையைத் தூக்கினார். மங்கை எண்ணத் தொடங்கினாள். இடையில் விட்டுப்போய்விட்டது. கடவுளே, திரும்பவும் எண்ணவேண்டும். ஒருதரம் செத்த பிள்ளையைத் தன் விரலாலேயே இன்னொரு தரம் சாக அடித்துக் கொடு என்கிறார்களே. அப்படியென்றால் மங்கை இனி எங்கே போவது? அவளிடம் மிச்சம் இருந்தது அந்தக் கடைசிப் பக்கம் மட்டும்தான்.

"கனக்க இருக்கு" என்றாள்.

"வெற்றி!" என்றார் நீக்கிலாஸ். "சரி, முறைக்குக் கேக்கவேணும்தானே. சாகக்கூடாது எண்டு நினைக்கிறவை?"

ஒரு கை எழும்பியது. முன்வரிசையில், பள்ளிக்கூடத்தில் வெளியே போக அனுமதி கேட்கிற பிள்ளையின் கை மாதிரி, காதுக்கு மேலே போகாத ஒரு கை. இராஜரட்ணத்தின் கை.

சனம் சிரிக்கத் தொடங்கி, ஆளைக் கண்டதும் நிறுத்தியது. தில்லையம்பலம் மாஸ்டர் எழும்பி இதமாகச் சொன்னார்: "அண்ணையின்ர மனம் எங்களுக்கு விளங்குது. ஒரு பெண்பிள்ளையைப் பறிகுடுத்த தகப்பன். ஆனா அண்ணை, அது விபத்து. இது கற்பனை. ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது."

இராஜரட்ணம் எழும்பி நின்றார். கையை இறக்கவில்லை. "விபத்து..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. திரும்பவும் "அது விபத்து..." என்று தொடங்கினார். பிறகு திரும்பிப் பின்மேசையைப் பார்த்தார். கண் நிரம்பியிருந்தது. அந்தப் பார்வையில் மங்கைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முதல் அத்தியாயத்திலிருந்தே மனிதருக்குத் தெரியும். ஒவ்வொரு வெள்ளியும் தெரிந்துகொண்டேதான் வாசித்திருக்கிறார். பிள்ளை இந்த வாரமும் தப்பிவிட்டாளா என்று அவரும்தான் பார்த்திருக்கிறார்.

"அது விபத்தில்லை மாஸ்டர்" என்றாள் மங்கை.

மைக் இல்லை. தேவையும் இருக்கவில்லை. கதிரைகள் கிறீச்சிட்டுத் திரும்பின.

"யாத்திரன் நான்தான். விட்பியில ஒருத்தரும் இல்லை. எல்லாம் நான் எழுதினது." வடைத் தட்டை ஒருபக்கம் தள்ளிவைத்தாள். "கொல்லத் துணியிற பொடியன் எங்கட சனத்துக்குள்ள இல்லை எண்டு சொன்னியள். என்ர பிள்ளையின்ர முப்பத்தொண்டுக்கு வந்து என்ர கையால சோறு வாங்கித் திண்டவன் மாஸ்டர். கை ஏலாதெண்டு நீங்கள்தான் பக்கத்தில இருந்து குழைச்சுக் குடுத்தனீங்கள். உங்களில பிழையில்லை. நாங்கள்தான் அவனைக் குடும்ப நண்பர் எண்டு சொன்னனாங்கள். பொலிஸ் ரெண்டு தரம் கேட்டது. ரெண்டு தரமும் நான் தலையாட்டினனான்."

தில்லையம்பலம் மாஸ்டர் மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார். அவருடைய வலக்கை மடியில் கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளடிஸ், எந்தத் தாய் சனத்துக்குப் பயப்பிடுவாள் எண்டு கேட்டீர். இவ்வளவு நேரமும் உங்கள் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தினவள்தான்."

அட்சயா அப்போது வீட்டில் இருந்தாள். விடிந்தால் பள்ளிக்கூடம், இந்தக் கதை அவளுக்கு முன்னால் அங்கே போய் நிற்கும். மங்கை அதையும் நினைத்தாள். இரண்டு வருடமாக வாயைக் கட்டியது அந்தப் பிள்ளைக்காகத்தான். நினைத்துக்கொண்டேதான் சொல்லி முடித்தாள். "நான் முடிவை மாத்தித் தரமாட்டன். புத்தகம் வராட்டியும் பரவாயில்லை" என்று நீக்கிலாஸைப் பார்த்துச் சொன்னாள்.

நன்றியுரை நடக்கவில்லை. சனம் ஜாக்கெற்றுகளை எடுத்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் படியேறியது. கிளடிஸ் பின்மேசைவரை வந்து, மங்கையின் கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போனாள். இராஜரட்ணம் வந்து மேசைக்கு இந்தப் பக்கம் மனைவிக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் சேர்ந்து கோப்பைகளைப் பொறுக்கினார்கள்.

ஜனார்த்தன் மட்டும் போகாமல் தூண் ஓரமாக நின்றான். பேசிய கடதாசியைச் சுருட்டிக் கையில் பிடித்திருந்தான்.

"அன்ரி, ஐ ஆம் சோ சொறி. எனக்குத் தெரியாது. நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது."

மங்கை அவனைப் பார்த்தாள். கஜனி இருந்திருந்தால் இவன் வயதுதான் வரும். கோபம் வரவில்லை. மேசையில் மிஞ்சிய வடைகளை ஒரு பைக்குள் போட்டு அவன் கையில் கொடுத்தாள்.

"நீர் ஏன் சொறி சொல்லுறீர்? வடிவா வாசிச்ச ஆள் நீர் ஒருத்தர்தான்" என்றாள். "நீர் சொன்னது சரி தம்பி. அந்த முடிவை நம்ப ஏலாது. நானும் எத்தினையோ தரம் எழுதி எழுதிப் பாத்திட்டன். ஒவ்வொரு தரமும் அவள் கதவைத் திறந்து இறங்கி வாறாள், நானும் ஓடிப் போறன். எனக்கும் நம்ப முடியேல்லை."